கதிர் அறுத்தவர்கள் எத்தனை பேர்?

திருமுக்கூடலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான். காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் வந்து, பாலாற்றைக் கடந்து இந்தக் கரையில் எழுந்தருளுவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் வந்து சேர, மணல் முழுக்க ஜனம். மற்ற நாட்களில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இந்த இடத்தில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரியும். ஜல்லி ஏற்றிப் போகும் லாரிகளின் புழுதி இன்னும் அதிகமாகத் தெரியும்.

வரலாறு படித்தவர்கள் வேறொரு காரணத்துக்காக வருவார்கள். அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீளமான கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. சாளுக்கியரை வென்றது, ஈழத்தை வென்றது என்று மெய்க்கீர்த்தியில் தொடங்கி, சட்டென்று சம்பளப் பட்டியலுக்கு இறங்கிவிடும். வேதம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தலைக்கு எண்ணெய், 15 படுக்கை கொண்ட வீரசோழன் ஆதுலர் சாலை. அதில் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், மருந்து காய்ச்சும் பெண்கள், நாவிதர் என எல்லோருக்கும் இத்தனை நெல், இத்தனை காசு என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இதைப் படித்து ‘எபிகிராஃபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் வெளியிட்டார். அதற்குப் பிறகு ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மருத்துவமனை’ என்ற பெருமைப் பேச்சுக்கு இந்தச் சுவர் நிரந்தர ஆதாரமாகிவிட்டது.

பெருமை இருக்கட்டும். அத்தனை கலம் நெல் எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயைக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அந்த ஊர் வயலில் இறங்கி நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கென்று ஒரு குழி நிலமாவது இருந்ததா? வேண்டாம் என்று வேலையை விட்டுப் போக முடிந்ததா? இதற்கெல்லாம் கல்லில் பதில் இல்லை. இதே வட்டாரத்தில்தான் உத்திரமேரூர். 919, 921 என்று இரண்டு ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை மேடைக்கு மேடை புகழ்கிறோம். வாரியத்தில் உட்கார வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்ற வரியைப் பேச்சாளர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நிலமில்லாதவன் அந்தக் குடத்துக்குப் பக்கத்திலேயே வர முடியாது.

சோழர் காலத்துக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆவணம் கைகொடுக்காது. ஏழெட்டு நூற்றாண்டு தள்ளி, கம்பெனிக்காரர்கள் காகிதத்தில் கணக்கெழுத ஆரம்பித்த காலத்தைப் பார்த்துக் கேட்கலாம். அப்படிக் கேட்டு, எண்ணிக்கையில் பதிலும் சொன்னவர் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். பெயர் தர்மா குமார். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார வரலாற்றைப் படிப்பவர்கள் உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாட்டில்தான் அவரை அதிகம் பேசுவதில்லை.

லாகூர், பம்பாய், கேம்பிரிட்ஜ்

தர்மா பிறந்தது 1928இல். அப்பா கே. வெங்கட்ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வேதியியலாளர். கல்லூரியில் கரிம வேதியியல் படித்தவர்களுக்கு ‘பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்பு’ என்ற பாடம் நினைவிருக்கலாம். அந்த வெங்கட்ராமன்தான். லாகூரில் பேராசிரியராக இருந்து, பம்பாயில் வேதித் தொழில்நுட்பத் துறையை வளர்த்து, 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர். அந்த வீட்டின் ஒரே பிள்ளை தர்மா. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரி. படித்தது பொருளாதாரம். திரும்பி வந்து ரிசர்வ் வங்கியில் வேலை. கணவர் லவ்ராஜ் குமார், பின்னாளில் மத்திய அரசின் பெட்ரோலியத் துறைச் செயலாளர்.

இந்தப் பாதையில் செங்கல்பட்டு ஜில்லாவின் பண்ணையாள் எங்கே வருகிறார் என்று தோன்றும். முனைவர் பட்டத்துக்காக மறுபடி கேம்பிரிட்ஜ் போனபோது அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு 19ஆம் நூற்றாண்டு மதராஸ் மாகாணத்து விவசாயக் கூலிகள். அந்த ஆய்வு 1965இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தில் ‘தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்’ என்ற ஆங்கில நூலாக வந்தது. எலன் மெக்ஆர்தர் பரிசும் பெற்றது. பாளையக்காரர் போர், ஆங்கிலேயக் கவர்னர்கள், சுதந்திரப் போராட்டம் என்று வரலாறு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், சேற்றில் நின்றவர்களின் தலையை எண்ண உட்கார்ந்தார் ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்த ஒரு பெண்.

அப்போது எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த கருத்து ஒன்று உண்டு. பிரிட்டிஷார் வருவதற்கு முன் இந்தியக் கிராமத்தில் நிலமற்ற கூலி என்று ஒரு வர்க்கமே கிடையாது, அல்லது கணக்கில் வராத அளவுக்குச் சிறியது. கைத்தொழிலை அழித்து, வரியை ஏற்றி, நிலத்தை விற்பனைப் பொருளாக்கி வெள்ளைக்காரன்தான் இந்தக் கூலிப் பட்டாளத்தை உண்டாக்கினான். சுரேந்திர படேல் 1952இல் எழுதிய நூல் மக்கள்தொகைக் கணக்குகளை வைத்து இதை நிறுவ முயன்றது. தேசியவாதிகளுக்கும் பிடித்த கருத்து, இடதுசாரிகளுக்கும் பிடித்த கருத்து. இரண்டு தரப்புக்கும் பிடித்துவிட்டால் நம் ஊரில் பிறகு யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

தர்மா சரிபார்த்தார். 1800இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடையாது. மாகாணம் முழுவதற்குமான முதல் முறையான கணக்கெடுப்பே 1871இல்தான். அப்படியானால் 1800இல் எத்தனை கூலிகள் என்று எப்படிச் சொல்வது? அவர் பிடித்த வழி சாதி. பறையர், பள்ளர், மாலர், ஹொலெயர், செறுமர் போன்ற சாதிகளுக்குப் பிறர் நிலத்தில் உழைப்பது பரம்பரை விதி என்று ஊர் வகுத்திருந்தது. ஒருவர் தொழிலை மாற்றிக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம். சாதியை அவ்வளவு சுலபத்தில் மாற்ற முடியாது. ஆகவே மக்கள்தொகையில் இந்தச் சாதிகளின் பங்கு 70 ஆண்டுகளில் பெரிதாக மாறியிருக்காது. 1871 கணக்கிலிருந்து பின்னோக்கி நடந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலெக்டர்கள் எழுதிய அறிக்கைகளோடு ஒப்பிட்டார். அடிமை முறை பற்றி 1819இல் வருவாய் வாரியம் ஜில்லாக்களைக் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் அவருக்குப் பெரிய புதையல். இந்தச் சாதியினர் எல்லோருமே கூலிகள் இல்லை. வேறு சாதிகளிலும் கூலிகள் உண்டு. இரண்டையும் கழித்துக் கூட்டினால் துல்லியமான எண் வராது, ஓர் எல்லை வரும். மொத்த மக்கள்தொகையில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு என்பது அவர் கண்ட எல்லை.

வெள்ளைக்காரன் நிலைபெற்று உட்காருவதற்கு முன்பே, நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்குச் சொந்த நிலமில்லை. அவர்களில் கணிசமானவர்கள் அடிமைகள் அல்லது அடிமைக்கு அடுத்த படியில் நின்றவர்கள். இதுதான் தர்மா குமார் போட்ட குண்டு. அதன் சத்தம் பல பத்தாண்டு அடங்கவில்லை.

ஜாகீர் நாட்டுக் கணக்குகள்

திருமுக்கூடல் இருக்கும் பழைய செங்கல்பட்டு ஜில்லா இந்த விவாதத்தின் நடுவில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், வேறு எந்த ஜில்லாவுக்கும் இவ்வளவு பழைய காகிதம் கிடையாது. ஆற்காடு நவாப் முகமது அலி 1763இல் இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள். எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, மானியம் யாருக்கு, களத்தில் நெல் அளக்கும்போது யார் யாருக்கு எத்தனை மரக்கால் என்று பதிந்து வைத்தார். பிறகு ஹைதர் அலி படையெடுத்து வந்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது, ஜில்லா பாழானது. குடிகள் சிதறிப் போனார்கள்.

1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், உடைந்த ஏரிகளைக் கட்டினார், ஓடிப்போனவர்களை வயலுக்குத் திரும்ப வைக்க முயன்றார், மிராசுதார்களோடு மல்லுக்கு நின்றார், காஞ்சி வரதராஜர் கோயில் உற்சவத்தையும் முன்னின்று நடத்தினார். மதராஸ் கலெக்டர் எஃப்.டபிள்யூ. எல்லிஸ் 1818இல் மிராசு உரிமை பற்றி எழுதிய நீண்ட பதில்கள் அந்தக் காகிதக் குவியலின் மகுடம். திராவிட மொழிக் குடும்பத்தை அடையாளம் காட்டிய அதே எல்லிஸ்தான்.

இந்த மிராசு என்பது பங்கு. ஊர் நிலம் இத்தனை பங்கு என்று வகுத்து, பங்குக்காரர்கள் அனுபவிப்பார்கள். நிலத்தோடு பண்ணையாளும் சேர்ந்தே கைமாறுவது உண்டு. பண்ணையாளுக்குப் படி, களத்தில் மேரை, இறந்தால் புதைக்க இடம், சேரியில் குடிசை போட மனை. அந்த மனையும் மிராசுதாருடையது. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியலாம். கூலி கேட்டு முறைத்தால் குடிசையைப் பிடுங்கு என்று சொல்லும் அதிகாரம் அதில்தான் இருந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்கள் பற்றி எழுதிய அறிக்கை அதையெல்லாம் போட்டு உடைத்தது. ஜில்லா மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பறையர் என்ற நிலை. அதன் தொடர்ச்சியாக, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க 1892இல் வந்த அரசாணைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு அடிப்படை. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். தர்மா குமார் எண்ணியது பழைய காகிதத்தில் கிடந்த ஆட்களைத்தான். அவர்களுடைய வாரிசுகள் கேட்ட கேள்விக்கு அவருடைய எண் நேரடிப் பதில் ஆகாது, பின்னணி ஆகும்.

காந்தியவாதி தரம்பாலும் இந்த ஜில்லாக் காகிதங்களைப் படித்தார். பர்னார்ட் கணக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்கு உண்டு. ஜில்லாவின் சில ஊர்களுடைய பழைய கணக்கைச் சென்னையின் கொள்கை ஆய்வு மையம் நூலாகவே போட்டது. அந்தக் கணக்கில் தரம்பால் கண்டது, கோயில் முதல் வெட்டியான் வரை எல்லோருக்கும் பங்கு ஒதுக்கிய, தன்னைத் தானே ஆண்டுகொண்ட கிராமம். தர்மாவின் கேள்வியோடு அதே பட்டியலைப் படித்தால், யார் பங்கு வாங்கினார்கள் என்பதோடு யார் அளந்து கொடுத்தார்கள் என்பதும் கண்ணில் படும். எனக்குத் தர்மாவின் பார்வையே சரி என்று படுகிறது. பங்கு கிடைத்தது என்பதற்காக மரக்காலைப் பிடித்த கையை மறந்துவிட முடியாது.

டெல்லியில் ஒரு பத்திரிகை மேசை

1960களில் டெல்லி பொருளாதாரப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அமர்த்தியா சென், கே.என். ராஜ், சுகமய் சக்கரவர்த்தி என்று நட்சத்திரங்கள் மின்னிய இடம். அங்கே பொருளாதார வரலாறு கற்பிப்பது சுலபமான வேலை இல்லை. சமன்பாடு எழுதுகிறவர்களுக்குத்தான் மரியாதை. தர்மா தன் செல்வாக்கைக் கட்டியது வகுப்பறையில் பாதி, ஒரு பத்திரிகையின் ஆசிரியர் மேசையில் பாதி. ‘இந்தியப் பொருளாதார சமூக வரலாற்று ஆய்விதழ்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழை 20 ஆண்டுக்கும் மேலாக நடத்தினார். இந்திய வரலாறு எழுதுவோர் அந்தக் காலத்தில் கட்டுரை போட ஆசைப்பட்ட இடம் அது. முகாம் பார்த்துக் கட்டுரை எடுக்கும் நம் பழக்கம் அங்கே செல்லவில்லை. அவரைத் திட்டி எழுதியவர்களுக்கும் இடம் கிடைத்தது.

அவரே அந்த இதழில் 1975இல் எழுதிய கட்டுரை இன்னொரு நம்பிக்கையை உலுக்கியது. ரயத்துவாரி முறையில் பட்டாக்களை வரித்தொகை வாரியாகப் பிரித்துக் காட்டும் அரசுக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, 1853–54 முதல் 1946–47 வரை மதராஸ் மாகாணத்தில் நில ஏற்றத்தாழ்வு பெரிதாகக் கூடவில்லை என்றார். ஒருவருக்குப் பல பட்டா இருக்கும், ஒரு பட்டாவில் பலர் பெயர் இருக்கும், பட்டா வேறு, அனுபவம் வேறு என்று அன்றைய கிராமத்துக் கர்ணம் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். அந்தக் கட்டுரைக்கு எதிராக எழுந்த வாதங்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்லின. என் கணிப்பில் அவருடைய வேலையில் பலவீனமான பகுதி இது.

உண்மையான சண்டை 1983இல் வந்தது. ‘கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாறு’ இரண்டாம் தொகுதி, 1757 முதல் 1970 வரை. மேக்நாத் தேசாய் துணையோடு பதிப்பித்தவர் தர்மா. தென்னிந்திய நில உறவு பற்றியும் அரசின் வரவு செலவு பற்றியும் அவரே எழுதினார். முதல் தொகுதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான இர்ஃபான் ஹபீப், இந்த இரண்டாம் தொகுதிக்கு 1985இல் மதிப்புரை எழுதினார். தலைப்பிலேயே அடி: காலனியத்தைக் காணாமலே காலனியப் பொருளாதாரத்தை ஆராய்வது என்று. வரியாகவும் வர்த்தக உபரியாகவும் இங்கிருந்து பிரிட்டனுக்குப் போன செல்வத்தை அந்தத் தொகுதி அடக்கி வாசித்துவிட்டது என்பது குற்றச்சாட்டு.

ஹபீப் பக்கம் நியாயம் உண்டு. 1,000 பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு நூலில் பேரரசு ஏதோ வானிலை மாதிரி வந்துபோகிறது. ஆனால் தர்மாவை ஏகாதிபத்தியத்தின் வக்கீல் என்று முத்திரை குத்தியவர்கள் ‘நிலமும் சாதியும்’ நூலை முழுதாகப் படித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம். அடிமை முறையை ஒழிக்கக் கம்பெனி பல பத்தாண்டு தயங்கியதும் அதே வரலாற்றில்தான் வருகிறது. பண்ணையாள் ஓடிவிட்டால் வயல் காயும், வயல் காய்ந்தால் கிஸ்தி வராது. 1843இல் வந்த சட்டமும் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றதோடு நின்றது. அடிமையை வைத்திருப்பது குற்றம் என்று ஆக 1862இல் தண்டனைச் சட்டம் அமலுக்கு வரவேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் இந்தக் கொடுமையைக் கண்டுபிடிக்கவில்லை. கிடைத்ததை வரிக்காகக் கட்டிக் காத்தான். இதைப் பேரரசுக்கு வெள்ளையடிப்பது என்று யாராவது சொன்னால், பழியை ஒருவர் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் கைகழுவ ஆசைப்படுகிறோம் என்றே அர்த்தம்.

அவருக்குப் பிறகு இதே ஜாகீர் காகிதங்களைத் தொட்டவர்கள் பலர். ஹைதர் போருக்குப் பிறகு ஆள் தட்டுப்பாடு இருந்ததால், 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பறையர் உழைப்புக்குப் பேரம் பேசும் வலு இருந்தது என்று டேவிட் வாஷ்புரூக் வாதாடினார். பெர்க்லியின் யூஜின் இர்ஷிக் 1994இல், ஓரிடத்தில் நிலைத்து வாழும் விவசாயி என்ற சித்திரமே பிளேஸ் போன்ற அதிகாரிகளும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வரைந்தது என்று எழுதினார். ஜப்பானின் மிசுஷிமா சுகாசா, பர்னார்ட் கணக்குகளை ஊர் ஊராக வரைபடத்தில் ஏற்றினார். டிரெமன்ஹீர் அறிக்கையில் தொடங்கி ‘பறையர் பிரச்சினை’ எப்படி அரசு அலுவலகத்துக்குள் வந்தது என்று ரூபா விஸ்வநாத் 2014இல் ஒரு நூலே எழுதினார். டெல்லி பொருளாதாரப் பள்ளியில் படித்து, தென்னிந்திய வணிகத்தில் தொடங்கிப் போர்ச்சுகீசியப் பேரரசு வரை போன சஞ்சய் சுப்பிரமணியம், அந்த ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பையும் பிறகு ஏற்றார். தர்மாவை மறுக்கிறவர்கள்கூட அவர் போட்ட எண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1998இல் அவருடைய கட்டுரைகள் ‘காலனியம், சொத்து, அரசு’ என்ற தொகுப்பாக வந்தன. நீண்ட நாள் நோயுற்றிருந்து 2001 அக்டோபரில் காலமானார்.

அவர் விட்டுவைத்த வேலை இன்னும் பாக்கி. மாகாணம் முழுக்க 10 முதல் 15 விழுக்காடு என்பது சராசரி. பாலாற்றங்கரை நஞ்சை ஊரில் அது எவ்வளவு, மேட்டுப் புஞ்சை ஊரில் எவ்வளவு, திருமுக்கூடலில் எத்தனை வீடு, வயலைக்காவூரில் எத்தனை வீடு என்று ஊர் வாரியாகப் போட வேண்டும். செங்கல்பட்டு ஜில்லாப் பழைய ஆவணங்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ரயிலேறினால் அரை நாளில் போய் உட்கார்ந்துவிடலாம். எம்.ஏ. வரலாறு படிக்கும் மாணவர்கள் கல்லூரியில் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைவதை விட்டு, உங்கள் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்து அந்தக் கட்டைக் கேளுங்கள்.